மேகலா கல்யாண டிஸ்க்

போன மாதம் பிரகாஷ் போன் செய்தார். கரியமாணிக்கம் பக்கம் ஸ்டுடியோ வைத்திருப்பவர். நான் வேலையை விட்ட பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர். பிரான்சில் இருக்கும் ஒரு குடும்பம் ஊருக்கு வந்து கல்யாணம் செய்துவிட்டுத் திரும்பிப் போகிறதாம். பென் டிரைவும் வேண்டாம், லிங்க்கும் வேண்டாம், புளூ ரே டிஸ்க்காகத்தான் வேண்டும் என்கிறார்களாம்.

"அக்கா, நான் டிஸ்க்கே எழுதுனது இல்ல. ரைட்டர் ஒன்னு கேட்டு வாங்கி வெச்சிருக்கறேன். ஃபைல எப்பிடி ரெடி பண்றதுன்னு சொல்லுங்களேன்."

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே கேட்டார். நடுவில் நான், "எல்லாத்துக்கும் முன்னாடி ஒன்னு கேட்டுக்குங்க தம்பி. யாரு பாக்கப் போறாங்க?" என்றேன்.

"யாரு பாத்தா இன்னாக்கா? ஃபைல் ஒன்னுதான?"

அதற்குப் பதில் போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. "அப்பறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் உறுவையாறு. பிளஸ் டூ முடித்து, வில்லியனூரில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தேன். ஏதாவது ஆபீசில் டைப் அடிக்கிற வேலை கிடைக்கும் என்று வீட்டில் நினைத்தார்கள். கிடைத்தது அதே ஊரில் சவரிமுத்து சாரின் வீடியோ மிக்ஸிங் கடை. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கோயில் தேர், மாதா கோயில் திருவிழா எல்லாம் எங்கள் கேமராக்காரர்கள் எடுத்து வருவார்கள். அதை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, பார்க்கிற மாதிரி ஆக்குவது உள்ளே உட்கார்ந்திருக்கும் எங்கள் வேலை. கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் டிவிடி வந்தது. ஒவ்வொன்றும் கைபழகும் நேரத்தில் அடுத்தது வந்து நிற்கும். மாடி அறையில் அதே ஜன்னல் பக்கம்தான் கடைசிவரை எனக்கு இடம். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் குனிந்து உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அந்த இடத்தை விட்டு எழுந்தேன்.

சவரிமுத்து சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆதியில் போட்டோ எடுத்தவர். ஒல்லியான ஆள், எப்போதும் அரைக்கை வெள்ளைச் சட்டை. கம்ப்யூட்டரில் கை வைக்க மாட்டார். மௌஸைக்கூடத் தொட மாட்டார். பின்னால் கை கட்டி நின்று பார்ப்பார். "திருப்பிப் போடு" என்பார். மறுபடி பார்ப்பார். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். நாமாகக் கண்டுபிடிக்கும் வரை "திருப்பிப் போடு"தான். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மரியாதை ஏறிவிடும். சாதாரணமாக "இங்க வா தனம்" என்பவர், "நீங்க இத்த ஒருவாட்டி பாருங்க" என்றால் விபரீதம் என்று அர்த்தம்.

அறையின் மூலையில் ஒரு பழைய டிவி, விலை குறைந்த ஒரு பிளேயர், எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வைத்திருந்தார். அதற்குக் கஸ்டமர் சேர் என்று பெயர். எழுதி முடித்த டிஸ்க்கை அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்த டிவியில் அவர் பார்த்த பிறகுதான் கவரில் போட வேண்டும்.

"உன் மானிட்டர்ல எல்லாம் நல்லாதான் தெரியும். அவங்க வூட்டு டிவில எப்பிடித் தெரியும்? அதான் கேள்வி."

ஹை டெஃபனிஷன் கேமரா வந்தபோது, பிரான்சில் சொந்தக்காரர்கள் உள்ள குடும்பங்கள்தான் முதலில் புளூ ரே கேட்டன. அங்கே பெரிய டிவி இருந்தது, பிளேயரும் இருந்தது. அப்புறம் இங்கேயும் கேட்க ஆரம்பித்தார்கள். டிஸ்க் அதே அகலம்தான். ஆனால் உள்ளே போகிற சமாச்சாரம் டிவிடியைப் போலப் பல மடங்கு. அதற்கு ஏற்ப வேலையும் கூடியது.

கேமரா கார்டு வந்ததும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுப்போம். கஸ்டமர் டிஸ்க்கை வாங்கி வீட்டில் பார்த்து "சரி" என்று சொல்லும் வரை அந்தப் பிரதியை அழிக்கக் கூடாது என்பது சாரின் கட்டளை. பிறகு வெட்டுவது, அடுக்குவது, பாட்டு, கிராபிக்ஸ். அதற்கப்புறம்தான் டிஸ்க்குக்கான தயாரிப்பு. டிஸ்க்கில் இவ்வளவுதான் இடம் என்று ஒரு கணக்கு உண்டு. படம் நீளமாக இருந்தால் ஒவ்வொரு நொடிக்கும் கிடைக்கும் இடம் குறையும். அந்த நொடிக்கான அளவைத்தான் பிட் ரேட் என்கிறோம். அதை ரொம்பக் குறைத்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். ரொம்பக் கூட்டினால் பிளேயர் படிக்கத் திணறும். நாங்கள் எழுதிய முதல் புளூ ரே டிஸ்க்கே கஸ்டமர் சேர் முன்னால் திணறியது. தாலி கட்டும் இடத்தில் எல்லோரும் அட்சதை வீச, நாலு பக்கமும் ஃபிளாஷ் அடிக்க, அவ்வளவு அசைவுக்கும் மென்பொருள் இடத்தை அள்ளிக் கொடுத்துவிட்டது. தாலி பாதியில் இருக்க, படம் நின்றுவிட்டது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க இத்த ஒருவாட்டி பாருங்க" என்றார். அன்றிலிருந்து, எந்த நொடியும் இதற்கு மேல் போகக் கூடாது என்று ஒரு உச்சவரம்பு வைத்துத்தான் ஃபைலை மாற்றினேன்.

கடைசியில் மெனு. எந்தப் பகுதிக்கு வேண்டுமோ அங்கே ரிமோட்டில் தாவ, நலுங்கு, மாப்பிள்ளை அழைப்பு, திருமாங்கல்ய தாரணம் என்று பகுதிக்குப் பெயர் வைத்து பட்டன் போட வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரே ஃபைலாக வந்ததும், குறைந்த வேகத்தில் எழுதி, எழுதியதையும் ஃபைலையும் ஒப்பிட்டுச் சரிபார்த்து, பிறகு நாற்காலி.

இந்த முறையில் எத்தனையோ கல்யாணம் போட்டாயிற்று. எதற்கும் அச்சு ஒன்றுதான். பெயரும் படமும் மாறும். மேகலாவின் கல்யாணம் அந்த அச்சில் உட்காரவில்லை.

மேகலாவுக்குப் பண்டசோழநல்லூர். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. மாப்பிள்ளை சுரேஷுக்கும் அப்படியே. அவருடைய அப்பா அம்மாவுக்கும் அப்படித்தான். மேகலாவுக்கு அப்பா இல்லை. அம்மா அஞ்சலை, வயல் வேலை செய்து, பிறகு ஒரு பள்ளிக்கூடச் சமையலில் இருந்தவர். தம்பி குமரன் ஒரு மெடிக்கல் கடையில் வேலை செய்தார். அவர்தான் எங்களிடம் ஆர்டர் கொடுத்தவர். கல்யாணம் பாகூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. இரண்டு கேமரா. நான் போகவில்லை. கார்டு வந்ததும் வழக்கம்போல உட்கார்ந்து வழக்கம்போல அடுக்கினேன்.

எழுதுவதற்கு முன் கஸ்டமரைக் கூப்பிட்டுக் கடையிலேயே ஒருமுறை போட்டுக் காட்டுவோம். மேகலாவும் குமரனும் வந்தார்கள். மேகலா பச்சைச் சுடிதாரில் கஸ்டமர் சேரின் நுனியில் உட்கார்ந்தார். முதலில் சிரித்த முகம். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போனது. தம்பியின் தோளைத் தட்டி, கையால் வேகமாக என்னமோ கேட்டார். மறுபடி திரையைப் பார்த்தார். மறுபடி தட்டினார்.

"இன்னாப்பா சொல்றாங்க?" என்றார் சார்.

குமரன் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். அக்கா இன்னா சொல்லுதுன்னா, கல்யாணத்துல எல்லாரும் பேசிக்கிட்டே இருந்தாங்களாம். இதுல யாருமே பேசலியாம். எல்லார் வாயையும் பொத்திட்ட மாதிரி இருக்குதாம்."

எனக்குப் புரியவில்லை. மேகலா எழுந்து வந்து, திரையில் ஒரு இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். பந்தியில் அவருடைய பள்ளித் தோழிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பெண் கையைத் தூக்குகிறாள். உடனே படம் முழுக்கத் தாமரைப் பூ விரிகிறது. பூ மூடியபோது வேறு காட்சி. இன்னொரு இடத்தில் மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துக் கையால் சொல்கிறார். அதை ஸ்லோ மோஷனில் போட்டு, மேலே ஒரு இதயம் மிதக்க விட்டிருந்தேன். அவர்களுக்கு அது ஒரு வார்த்தையை இழுத்து இழுத்து உளறுகிற மாதிரி இருந்திருக்கும். எங்கள் காதுக்குச் சத்தம் இல்லாத இடமெல்லாம் எங்களுக்கு வெற்றிடம். பூவையும் பாட்டையும் போட்டு நிரப்புவது வழக்கம். அவர்கள் பேச்செல்லாம் அந்த வெற்றிடத்தில்தான் இருந்தது.

"இன்னொன்னு சார்" என்றார் குமரன். "கார்ல ஏறும்போது அம்மா கையால அக்காகிட்ட என்னமோ சொல்லிச்சாம். அக்கா குனிஞ்சி பொடவய இழுத்து உள்ள வெச்சிக்கினு இருந்துச்சி, பாக்கல. பெரிம்மா பாத்துட்டு அப்பறம் சொன்னாங்க. இன்னா சொல்லிச்சின்னு அவங்களுக்குப் புரியல. அம்மாவ கேட்டா ஒன்னும் இல்லன்னுது. கேமராவுல மாட்டி இருந்தா அத்தயும் போடுங்க. அக்காவுக்கு அதான் முக்கியமாம்."

அவர்கள் போன பிறகு சார் வெகுநேரம் ஜன்னல் பக்கம் நின்றார். வரிசையாக முகூர்த்தங்கள், மேஜை மேல் கார்டுகள் காத்திருந்தன. முடிந்த வேலையை முதலிலிருந்து செய்வது என்றால் மற்ற எல்லாம் தள்ளும். நான் அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைத் துடைக்கவில்லை.

"ரெண்டு பேருக்கும் காது கேக்காது. நாம எதுக்குத் தனம் பாட்டுப் போட்டோம்?"

"எல்லாருக்கும் போடுவமே சார்."

"ஆமா. எல்லாருக்கும் போடுவம்" என்றார். "மொதல்லருந்து அடுக்கு. பூவு கீவு ஒன்னும் வேணாம். கை எங்க தெரியுதோ, அது கீழ எறங்கற வரைக்கும் வெட்டாத."

அப்படியே அடுக்கினேன். மேளச் சத்தத்தை மட்டும் காது கேட்கிற உறவுக்காரர்களுக்காக விட்டேன். ஒவ்வொரு கையும் எழுவதிலிருந்து தாழ்கிற வரை முழுதாக வைத்தேன். வைத்து, டிஸ்க்குக்கான ஃபைலாக மாற்றிப் பார்த்தபோது அடுத்த சிக்கல் தெரிந்தது. கை இருந்தது, விரல் இல்லை. வேகமாக அசையும் இடத்தில் ஒரு கைக்குப் பக்கத்தில் இன்னொரு கையின் நிழல், இரண்டும் ஒட்டிக் கலங்கலாக. முகம், நகை, புடவை ஜரிகை எல்லாம் பளிச்சென்று இருக்க, பேசுகிற விரல் மட்டும் கரைந்து போயிருந்தது.

காரணம் எங்கள் கடையின் வழக்கமான செட்டிங். அந்தக் காலத்துக் கேமரா ஒரு நொடிக்கு இருபத்தைந்து படம் எடுக்கும் என்போம். உண்மையில் ஒவ்வொரு படமும் இரண்டு அரைப்படம். ஒற்றை வரிகள் எல்லாம் ஒரு பாதி, இரட்டை வரிகள் எல்லாம் இன்னொரு பாதி. இரண்டையும் கேமரா ஒரே கணத்தில் எடுப்பதில்லை. ஒன்று முந்தி, ஒன்று பிந்தி. அதற்குள் கை நகர்ந்துவிடும். அப்படியே வைத்தால் சில டிவிகளில் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரியும் என்று, நாங்கள் இரண்டு பாதியையும் கலந்து ஒன்றாக்கிவிடுவோம். நின்று போஸ் கொடுப்பவர்களுக்கு அது போதும். கையால் பேசுபவர்களுக்கு அது இரண்டு எழுத்தை ஒன்றின்மேல் ஒன்றாக எழுதின மாதிரி.

கலக்காமல் பிரித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. ஒவ்வொரு பாதியையும் தனிப் படமாக விரித்தால் நொடிக்கு ஐம்பது படம் வரும். விரல் ஒவ்வொரு நிலையிலும் தனியாக நிற்கும். ஆனால் புளூ ரே பிளேயர் அந்தப் பெரிய அளவுப் படத்தை நொடிக்கு ஐம்பது என்று ஏற்காது. அதற்கு அடுத்த சின்ன அளவில், 720 வரியில், ஏற்கும். அதுவும் ஹை டெஃபனிஷன்தான். ஆனாலும் அளவு குறைவு.

சாரிடம் சொன்னதும், "புளூ ரேன்னு சொல்லிட்டு படத்த கொறைக்கறதா? நீங்க யோசிச்சிதான் பேசறீங்களா?" என்றார். மரியாதை ஏறிவிட்டது.

நான் வாதம் செய்யவில்லை. பந்தியில் அந்தத் தோழி கை தூக்கும் இடத்தை இரண்டு விதமாகவும் மாற்றி, திரும்ப எழுதக்கூடிய ஒரு டிஸ்க்கில் அடுத்தடுத்து எழுதி, பிளேயரில் போட்டேன். சார் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் பெரியது ஓடியது. பிறகு சின்னது. "திருப்பிப் போடு" என்றார். போட்டேன். ரிமோட்டை வாங்கி அவரே சத்தத்தை நிறுத்தினார். மறுபடி "திருப்பிப் போடு." கடைசியில் எழுந்தார்.

"ரெண்டாவதுல வெரல எண்ணலாம். அதுலயே போடு தனம்."

இனி அஞ்சலை அம்மாவைத் தேட வேண்டும். முதல் கேமரா காருக்குள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் எடுத்துக்கொண்டிருந்தது. அதில் மேகலா குனிந்திருப்பது மட்டும் தெரிந்தது. இரண்டாவது கேமரா காரின் முன்பக்கப் பூ அலங்காரத்தை எடுத்துக்கொண்டிருந்தது. அதை நான் முதலில் ஒதுக்கி வைத்திருந்தேன். ஓட்டிப் பார்த்தபோது வலது ஓரத்தில், உறவுக்காரப் பெண்களுக்குப் பின்னால், அரக்குப் புடவையில் அவர் நின்றிருந்தார். சின்னதாகத் தெரிந்தார். ஆனால் அங்கேதான் ஹை டெஃபனிஷன் கைகொடுத்தது. பெரிய படத்திலிருந்து அந்த மூலையை மட்டும் 720 வரிக்கு வெட்டி எடுத்தால், இழுத்துப் பெரிதாக்காமலே திரை நிறைந்தது. பாதிகளைப் பிரித்து ஓட்டினேன்.

அஞ்சலை அம்மா காரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கையைத் தூக்குகிறார். தன் கன்னத்தில் தானே அறைகிற மாதிரி காட்டுகிறார். பிறகு இரண்டு விரலை இன்னொரு உள்ளங்கைமேல் நடக்க விடுகிறார். இரண்டு கையையும் கூரை மாதிரி சேர்க்கிறார். நெஞ்சில் தட்டுகிறார். அவ்வளவுதான். கார் நகர்கிறது. கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொள்கிறார்.

எனக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனாலும் புரிந்துவிட்டது. அடிச்சா வந்துடு, நம்ம வூட்டுக்கு, நான் இருக்கேன்.

சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இந்தத் தடவை திருப்பிப் போடச் சொல்லவில்லை.

"இந்த டிஸ்க்க மாப்ள வூட்ல வெச்சித்தான பாப்பாங்க?"

"ஆமா சார். அவங்க எல்லாருக்கும் இது புரியும்."

"கேட்டது பொண்ணு. இல்லன்னு சொல்லவும் முடியாது." தலையைச் சொறிந்தார். "எழுதாத. நிறுத்தி வை."

எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று நாங்கள் முடிவு செய்வதற்குள், அடுத்த நாள் மத்தியானம் அஞ்சலை அம்மாவே மாடி ஏறி வந்தார். பஸ்ஸில் வந்திருந்தார். சேர் போட்டும் உட்காரவில்லை.

"பையன் சொன்னான். கார்கிட்ட நான் நின்னது இதுல இருக்குதாம்மா?"

"இருக்குதும்மா."

"அத்த எடுத்துடும்மா. ஒனக்குப் புண்ணியமா போவும்." குரல் தணிந்தது. "மாப்ள வூட்ல அல்லாரும் கையாலதான் பேசுவாங்க. உக்காந்து பாப்பாங்க. எங்க புள்ள அடிக்கறவனான்னு கேட்டா நான் இன்னா சொல்வேன்? அது தங்கமான புள்ள. நான் வேணும்னு சொல்லல. கார் கெளம்பும்போது கை தானா வந்துடுச்சி."

"மேகலாகிட்ட நீங்களே இன்னொருவாட்டி சொல்லிட்டா, அவங்க டிஸ்க்குல கேக்க மாட்டாங்களேம்மா?"

"கேட்டுச்சி. அன்னிக்கி கை வந்துச்சி, இப்ப வர மாட்டேங்குதும்மா."

சவரிமுத்து சார் எழுந்து நின்றார். பெரியவர்களிடம் பேசும்போது அவருக்கு அது வழக்கம். "அம்மா, உங்க சம்மதம் இல்லாம டிஸ்க்குல போட மாட்டேன். அது உறுதி. ஆனா உங்க பொண்ணு வந்து கேட்டா, இல்லன்னு சொல்ல எனக்கு வராது. ஞாயித்துக்கெழம பொண்ண மட்டும் இட்டுனு வாங்க. இங்கயே பாக்கட்டும். அப்பறம் நீங்க ரெண்டு பேரும் இன்னா சொல்றீங்களோ அப்பிடிச் செய்யறோம்."

அஞ்சலை அம்மா "செரி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நேராகக் கடைக்கு வந்திருந்தார் சார். அஞ்சலை அம்மாவும் குமரனும் முதலில் வந்தார்கள். சற்று நேரத்தில் வாசலில் பைக் நின்றது. மேகலாவை அழைத்துக்கொண்டு வந்தவர் சுரேஷ். பஸ்ஸில் எதற்கு, நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றிருக்கிறார். அஞ்சலை அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன்.

சார் தன்னால் முடிந்ததைச் செய்தார். கிளாஸைத் தூக்கிக் குடிக்கிற மாதிரி காட்டி, வெளியே டீக்கடைக்குப் போகலாம் என்று சுரேஷைக் கூப்பிட்டார். சுரேஷ் சிரித்து, வேண்டாம் என்று கைகூப்பிவிட்டு, மேகலாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். மேகலாவின் முகத்தில் அவ்வளவு ஆவல். இனி நிறுத்தினால் அதுவே பெரிய விஷயமாகிவிடும். அஞ்சலை அம்மா கண்ணை மூடித் திறந்தார். "போடும்மா" என்றார்.

போட்டேன். திரையில் அம்மா கையைத் தூக்கினார், கன்னத்தில் அறைந்தார், விரல் நடந்தது, கூரை ஆயிற்று, நெஞ்சில் தட்டினார், கையைத் தலைப்புக்குள் சுருட்டினார்.

மேகலா திரும்பி என்னைப் பார்த்து, ஒரு விரலைச் சுழற்றினார். மறுபடி. போட்டேன். முடிந்ததும் சுரேஷ் அதே மாதிரி விரலைச் சுழற்றினார். மூன்றாம் முறையும் போட்டேன். அவர் முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர் எழுந்தார். சுவரோரம் நின்ற அஞ்சலை அம்மாவின் எதிரில் போய் நின்றார். அஞ்சலை அம்மா இரண்டு கையையும் கூப்பிவிட்டார். சுரேஷ் அந்தக் கைகளை மெதுவாகப் பிரித்துக் கீழே இறக்கிவிட்டு, தன் கையால் பேச ஆரம்பித்தார். நிதானமாக, பெரிது பெரிதாக, அவருக்குப் புரியும்படி. குமரன் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னா சொல்றாருப்பா?" என்றார் சார்.

குமரன் சொன்னார்: "அவருக்கு ஒரு அக்கா இருந்துச்சி சார். கட்டிக் குடுத்த எடத்துல அடி. வருசக் கணக்கா அடி. ஊர்ல இன்னா நெனப்பாங்கன்னு, வந்துடுன்னு யாருமே சொல்லலியாம். அவங்க அம்மாகூட சொல்லலியாம். இப்ப அந்த அக்கா இல்ல." என் பக்கம் திரும்பினார். "இத்த எடுக்காதீங்க, டிஸ்க்குல இருக்கட்டும்ன்றாரு. எங்க வூட்லயும் எல்லாரும் பாக்கட்டும்ன்றாரு."

அஞ்சலை அம்மா மருமகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேகலா எழுந்து வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர், ஆனால் முகத்தில் ஒரு குறும்பு. அம்மாவின் தோளைத் தட்டித் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை வேகமாக ஆட்டி என்னமோ சொன்னார். அஞ்சலை அம்மா சட்டென்று சிரித்துவிட்டார். அழுகையும் சிரிப்புமாக மகளின் கையில் ஒரு அடி போட்டார். சுரேஷும் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார்.

நான் குமரனைப் பார்த்தேன்.

"'நீ சொல்லித்தான் நான் வரணுமா? நீ சொல்லலன்னாகூட பொட்டியத் தூக்கினு வந்துருப்பேன்'னுதுக்கா."

அந்த வாரமே டிஸ்க்கை முடித்தேன். மெனுவில் அந்தப் பகுதிக்கு என்ன பெயர் போடுவது என்று மேகலாவிடம் குமரன் மூலமாகக் கேட்டு அனுப்பினேன். "அம்மா பேசுறாங்க" என்று பதில் வந்தது. அப்படியே பட்டன் போட்டேன். ஒரு படத்துக்கு இரண்டு டிஸ்க் ஆயிற்று, கை இறங்கும் வரை வெட்டாததால். குறைந்த வேகத்தில் எழுதி, ஒப்பிட்டுப் பார்த்து, பிளேயரில் போட்டேன். சார் கஸ்டமர் சேரில் உட்கார்ந்து சத்தத்தை நிறுத்திவிட்டு இரண்டையும் முழுதாகப் பார்த்தார். எதையும் திருப்பிப் போடச் சொல்லவில்லை. கவரில் தானே போட்டார்.

அதற்குப் பிறகு கையால் பேசுகிறவர்களின் கல்யாணங்கள் அவ்வப்போது எங்களிடம் வந்தன. சுரேஷின் நண்பர்கள் சொல்லி அனுப்புவார்கள். கேமராக்காரர்களிடம், பூவையும் விளக்கையும் அப்புறம் எடுங்கள், கையை இடுப்புவரை சேர்த்து எடுங்கள் என்று சார் சொல்லிவைத்தார். மற்றக் கல்யாணங்களிலும்கூட எனக்குப் பழக்கம் மாறிவிட்டது. ஒரு இடத்தை வெட்டுவதற்கு முன், இதை யார் எதற்காகத் தேடுவார்கள் என்று ஒருமுறை நினைத்துப் பார்ப்பேன். பிரகாஷிடம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கச் சொன்னது இதனால்தான்.

அடுத்த அறுவடைச் சமயத்தில் அஞ்சலை அம்மா ஒருநாள் கடைக்கு வந்தார். வில்லியனூரில் ஏதோ வேலையாக வந்தவர், மாடி ஏறினார். மேகலா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

"அந்த டிஸ்க்கு இன்னொன்னு போட முடியுமாம்மா? எனக்குன்னு."

"தாராளமா. பிளேயர் இருக்குதா வூட்ல?"

"பையன் வாங்கித் தரேன்னான்." கொஞ்சம் தயங்கினார். "அன்னிக்கி இங்க நின்னுக்கினு அது எனக்கு பதில் சொல்லிச்சே, பொட்டியத் தூக்கினு வந்துருப்பேன்னு. அது அதுல இருக்குமா?"

"அது இல்லியேம்மா. அத்த யாரும் எடுக்கல. இங்க கேமரா இல்ல."

அஞ்சலை அம்மா அந்தச் சுவரோரத்தை, அன்று மேகலா நின்ற இடத்தைப் பார்த்தார். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"அப்ப டிஸ்க்கு வேணாம்மா. நான் சொன்னது எனக்குத் தெரியும். பொண்ணு சொன்னதுதான் எனக்கு வேணும். அது இருக்குது எங்கிட்ட."

ஊருக்குப் போகும் நெட்டப்பாக்கம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மெதுவாக இறங்கிப் போனார்.